உறையில் விட்டுப்போன பெயர்

டூரின், 4 நவம்பர் 1962

ஃபொர்த்துனாத்தா,

கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டுவிடாதே. படித்துவிட்டு அப்புறம் போடு.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ பதில் போடவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிளம்பின அன்று வாசலில் நின்று உன்னிடம் பேசின பேச்சுக்குப் பதில் வராததுதான் நியாயம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எழுதக் காரணம் ஒரு படிவம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். 'உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' என்று அதில் ஒரு கட்டம். என் பக்கத்து மெஷினில் நிற்கும் ரொக்கோ தெற்கேயிருந்து வந்த கலாப்ரியாக்காரன். எட்டுப் பேரை எழுதிவிட்டு இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினான். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். கிளார்க் மேஜையிலிருந்தே, "பொஸ்கோலோ, ஒரு பேரு போதும்ப்பா. யாருமில்லைன்னா வீட்டு நாய்க்குட்டி பேரையாவது எழுதிக் குடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என்னிடம் நாய்க்குட்டியும் இல்லை.

அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதிக்கொள்ளலாமா? கேட்பது அவ்வளவுதான். ஊருக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, பயப்படாதே. சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் அண்ணன்
ஃபெலிச்சே பொஸ்கோலோ


கியோஜா, 19 நவம்பர் 1962

திரு. ஃபெலிச்சே பொஸ்கோலோ அவர்களுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் தங்கை இல்லை. மன்னிக்கவும்.

உறையில் 'ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ, கியோஜா' என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருஷத்தில் ஊரே மறந்துபோய்விட்டதா? இங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு பொஸ்கோலோ தலையில்தான் விழும். ஊர்க் காவல் புனிதர்கள் இரண்டு பேர் பெயரையும் விடாமல் வைப்பதால் ஆணென்றால் பாதி ஃபெலிச்சே, பெண்ணென்றால் பாதி ஃபொர்த்துனாத்தா. அதனால்தானே நம் முன்னோர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, அதைப் பதிவேட்டிலும் ஏற்றினார்கள்? அந்தப் பட்டப்பெயர் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒருத்தருக்குப் பிறந்தநாள் வாழ்த்துக்கூடப் போய்ச் சேராது.

உங்கள் கடிதம் ஏழு வீடு சுற்றி என்னிடம் வந்தது. மீன் வாடை அடிக்கிறது. ஏழு ஃபொர்த்துனாத்தாக்கள் பிரித்துப் படித்தாயிற்று. அந்த ரொக்கோவின் எட்டு சொந்தக்காரர்களைப் பற்றி மீன் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். புதுத் தபால்காரர் வெளியூர், பாதுவாக்காரர். "இந்த ஊர்ல தபால் குடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரோட வம்சாவளியும் படிக்கணும் போலிருக்கேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இனிமேல் இது ஒன்பதாவது வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் தங்கையை நான் தேடித் தருகிறேன். எனக்கு வேலை ஒன்றும் தலைக்கு மேல் கிடக்கவில்லை. உங்கள் வீட்டுப் பட்டப்பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

என் வீட்டுப் பெயர் பனாதா. கொள்ளுத்தாத்தாவுக்குப் பல் கிடையாது, மூன்று வேளையும் ரொட்டிக் கஞ்சிதான். அந்தக் கஞ்சி இன்று என் அடையாள அட்டையில் அரசாங்க முத்திரையோடு இருக்கிறது. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ பனாதா


டூரின், 27 நவம்பர் 1962

திருமதி ஃபொர்த்துனாத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரமத்துக்கு நன்றி.

பட்டப்பெயரை எழுத இயலாது. டூரின் வந்து சேர்ந்த மாதமே இங்கே நகராட்சிப் பதிவில் அதை விட்டுவிடச் சொன்னேன். கிளார்க் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நான் ஒருவன்தான் பொஸ்கோலோ. அந்த நிம்மதிக்காகத்தான் வந்தேன்.

என் தங்கைக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. வேனா கால்வாயின் தெற்குக் கோடிப் பக்கம் எங்கள் வீடு. கல்யாணம் ஆகவில்லை, நான் வந்தவரைக்கும். வலை பின்னுவாள். இடது கைக்காரி. இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

ஃபெலிச்சே பொஸ்கோலோ


கியோஜா, 10 டிசம்பர் 1962

திரு. ஃபெலிச்சே அவர்களுக்கு,

போதவில்லை.

மூன்று நாள் கரையோரம் நடந்தேன். "ஃபெலிச்சே பொஸ்கோலோன்னு ஒருத்தர் டூரின் போனாரே" என்று கேட்டால், "எந்த ஃபெலிச்சே? டூரின் போனது நாலு பேரு. அதுல ஒருத்தன் ஜெயிலுக்கும் போனான். உனக்கு எவன் வேணும்?" என்கிறார்கள். இடது கைக்காரி என்றேன். "அவ புருஷன் உனக்கு எதாவது பாக்கி வச்சிருக்கானா?" என்று ஒருத்தி கேட்கிறாள். கல்யாணமாகாதவள் என்றால் கல்யாணமானவர்களெல்லாம் கோபித்துக்கொள்கிறார்கள். குளிர் காற்றில் எனக்கு மூக்கு ஒழுகினதுதான் மிச்சம்.

நம் பாதிரியார் ஒரு கதை சொல்வார். பொஸ்கோலோ என்றால் காட்டுக்காரன் என்று அர்த்தமாம். சுற்றிலும் தண்ணீர், நிற்க நிழலுக்கு ஒரு மரமில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் காட்டுக்காரர்கள். பெரிய பெயர் இப்படித்தான், அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம்மோடு ஒட்டிக்கொண்டிருப்பது பட்டப்பெயர்தான். பல்லில்லாத கிழவரின் கஞ்சியை நான் சுமக்கவில்லையா? டிராம் கொட்டகைக்கு எதிரே ஒற்றை ஜன்னல் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லுக்கு இவ்வளவு வீம்பு பிடிக்கிறீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். என் கணவர் சாந்தே கடலில் போய் ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. எனக்குக் கடிதம் வருவது கிடையாது. போன வாரம் உங்கள் உறையைத் தபால்காரர் நீட்டினபோது எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது என் பெயருக்கு வந்த கடிதம்தானே, பனாதா வரைக்கும் சரியாக எழுதியிருந்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்குள் உங்கள் தங்கையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். அந்தச் சொல்லை எழுதுங்கள்.

ஃபொர்த்துனாத்தா பனாதா


டூரின், 20 டிசம்பர் 1962

திருமதி பனாதா அவர்களுக்கு,

எழுதிவிடுகிறேன். தோர்னா.

நம் பேச்சில் அது 'திரும்புகிறான்' என்று ஆகும். எங்கள் தாத்தா காலத்தில் ஒரு ஜனவரி மாதம் மூன்று படகுகள் சேர்ந்து போயின. வடகிழக்குக் காற்று பிடித்தது. மற்ற இரண்டு படகும் வலையை விட மனமில்லாமல் நின்றன. தாத்தா தன் வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினார். அவர் மட்டும் வந்து சேர்ந்தார். மற்ற படகுகளில் இருந்த பதினொரு பேரும் வரவில்லை. செத்தவர்களின் வீட்டுப் பெண்கள் கரையில் நின்று அவரைப் பார்த்து, "தோர்னா, தோர்னா" என்று சொன்னார்களாம். அடுத்த வருஷம் அப்பா பிறந்தபோது பதிவேட்டுக்காரன் பொஸ்கோலோவுக்குப் பக்கத்தில் அதையே எழுதிவிட்டான்.

காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், "தோர்னாவை ஏத்தாதீங்கடா, பாதி வழியில திரும்பிடுவான்" என்று மற்ற படகுக்காரர்கள் என்னைச் சீண்டுவார்கள். பல வருஷம் பொறுத்துக்கொண்டேன். 1951 செப்டம்பரில் என்னை ஒரு படகிலிருந்து இறக்கியேவிட்டார்கள், எல்லோரும் பார்க்க. வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். "நாளைக்கே போய் அந்தப் பேரை அழிச்சிட்டு வரணும். நீயும் வா" என்றேன். அவள் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அன்னிக்குத் தாத்தா திரும்பி வரலைன்னா அப்பா இல்ல, நீ இல்ல, நான் இல்ல. அந்தப் பேருக்கு என்ன குறைச்சல்?" என்றாள். "அப்ப நீ அந்தப் பேரையே வச்சுக்கோ. எனக்குத் தங்கச்சி கிடையாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வாயால் சொன்னது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். டிராம் கொட்டகைக்கு எதிரே இருந்தது என் பழைய அறை. 1957-லேயே காலி செய்துவிட்டேன். அதைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஃபெலிச்சே பொஸ்கோலோ


டூரின், 21 ஜனவரி 1963

திருமதி பனாதா அவர்களுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று வாடகை வீட்டம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தார். தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை எழுந்து கீழே போனேன். அன்றைக்குத் தபால் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

என் கேள்விக்கு என்ன பதிலோ அதை எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஃபெலிச்சே


கியோஜா, 2 பிப்ரவரி 1963

ஃபெலிச்சே அவர்களுக்கு,

இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். முதலில் உங்கள் தங்கையின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்குச் சேர வேண்டியது.

பட்டப்பெயர் கிடைத்த மறுநாளே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீடு பூட்டியிருந்தது. ஃபொர்த்துனாத்தா 1960 மார்ச் மாதம் இறந்துபோனாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, இரண்டு வாரம்தான் படுத்திருந்தாள். உங்களுக்குச் சொல்ல யாரிடமும் விலாசம் இல்லை. பக்கத்து வீட்டு இனெஸ் கடைசிவரை கூட இருந்திருக்கிறாள். தனியாகப் போகவில்லை, அதை மட்டும் நம்புங்கள்.

கல்லறைக்குப் போனேன். பெட்டிகளை அடுக்கி வைத்துக் கல்லால் மூடின அந்த ஒரு சுவரில் மட்டும் பதினாறு ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோக்கள் இருக்கிறார்கள். பட்டப்பெயரை வைத்துத்தான் அவளைத் தேடி எடுத்தேன்.

இனெஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கரையில பொம்பளைங்க எல்லாம் அவளைச் சீண்டுவாளுங்க. 'எங்கடி உங்க அண்ணன், இன்னும் வரக் காணோம்?'னு. அவ வலையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டா. 'அவன் பேர்லயே இருக்குல்ல, வருவான்'னு சொல்லுவா. ஜுரத்துலகூட அதைத்தான் சொன்னா."

இப்போது உங்கள் கேள்வி.

1955 நவம்பரில் சாந்தே போன படகு வரவில்லை. ஒன்பதாவது நாள் பழைய தபால்காரர் பேப்பி ஒரு கடிதம் கொண்டுவந்தார். உறையில் 'ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ, கியோஜா' என்று இருந்தது. அந்த வாரம் ஊரில் துக்க வீடு என்னுடையதுதான், அதனால் எனக்கு வந்த அனுதாபக் கடிதம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். பாவம், அவர்மேல் குற்றமில்லை. பிரித்தேன். முதல் வரி இப்படி இருந்தது: 'ஃபொர்த்துனாத்தா, ஒரு வரி எழுது, வந்துவிடுகிறேன்.'

நீங்கள் எழுதினதுதான். அடுத்த வரியில் டூரின், டிராம் கொட்டகை, ஒற்றை ஜன்னல் அறை எல்லாம் வந்துவிட்டன. எனக்கு வந்ததில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கொடுக்கவில்லை. ஒன்பது நாளாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த முதல் வரியைக் கையிலிருந்து விட மனம் வரவில்லை. நாளைக்குத் தேடிக் கொடுக்கலாம் என்று வைத்தேன். அடுத்த வாரம் என்று வைத்தேன். ஒரு மாதம் போனதும் வெட்கமாகிவிட்டது. ஒரு வருஷம் போனதும் பயமாகிவிட்டது. அலமாரியில் சாந்தேயின் கம்பளிச் சட்டைக்கு அடியில் கிடந்தது.

அன்று ஒரு காகிதத்தை எடுத்துப் பதிலும் எழுதினேன். ஒரே ஒரு சொல். திரும்பி வா என்று. உங்களுக்கு எழுதவில்லை, அவருக்கு எழுதினேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? மடித்து உங்கள் உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். நம் பேச்சில் 'திரும்புகிறான்' என்பதற்கும் 'திரும்பி வா' என்பதற்கும் ஒரே சொல்தான் என்று உங்களுக்கே தெரியும். தோர்னா. உங்கள் டிசம்பர் கடிதத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

போன நவம்பரில் உங்கள் கடிதம் எட்டாவதாக என்னிடம் வந்தபோது கையெழுத்து தெரிந்தது. இந்தத் தடவையாவது சேர்க்க வேண்டியவளிடம் சேர்த்துவிட்டு, பழைய கடிதத்தையும் அவள் கையில் கொடுத்து, அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷம் பிந்திவிட்டேன்.

உங்கள் கடிதத்தை உறையோடு இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் அவள் போனாள். அதற்குக் காரணம் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ பனாதா


கியோஜா, 11 ஜூன் 1963

ஃபெலிச்சே அவர்களுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். இன்று நம் புனிதர்கள் திருவிழா. கால்வாய் முழுக்க விளக்குப் படகுகள், ஆளுக்கொரு தட்டில் பொரித்த மீன். யாராவது "ஃபொர்த்துனாத்தா" என்று கூப்பிட்டால் முப்பது பேர் திரும்புகிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் திரும்புகிறேன், பழக்கம்.

ஞாயிறுதோறும் அந்தச் சுவருக்குப் போகிறேன். கல்லைத் துடைத்துப் பூ வைக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்று தோன்றியது. செய்யக்கூடாது என்றால் ஒரு அட்டையில் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

கடலில் போனவருக்குக் கல் கிடையாது. எனக்குப் போய் நிற்க ஒரு இடம் இருக்கிறதென்றால் அது உங்கள் தங்கையின் இடம்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஃ. பனாதா


டூரின், 30 ஜூன் 1963

ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ பனாதா அவர்களுக்கு,

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். ரயிலேறி வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும் என்று இருந்தது. அந்த வாரச் சனிக்கிழமை ரயில் நிலையம் வரை போய் டிக்கெட் வரிசையிலும் நின்றேன். என் முறை வந்ததும் எந்த ஊர் என்று கேட்டார்கள். அந்தப் பெயர் வாயில் வரவில்லை, விலகிவிட்டேன்.

என் பழைய கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதன் உறையை இந்த நாலு மாதமும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்துதான். 'ஃபொர்த்துனாத்தா பொஸ்கோலோ' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஊருக்குக் கடிதம் எழுதுகிறவன் கை, பழக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. நான்தான் அதை நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் பேப்பி கண்ணை மூடிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். அவளும் ஒரு வரி எழுதியிருப்பாள். அதில் என்ன சொல் இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் பாதிக் குற்றம் உறையின் மேலே இருக்கிறது, அது உங்கள் கையெழுத்தில்லை.

பூ வையுங்கள். நிறுத்த வேண்டாம்.

போன வாரம் கிளார்க் என்னைக் கூப்பிட்டான். தொழிற்சாலையில் அந்தப் படிவத்தைக் கொடுக்காதவன் நான் ஒருவன்தானாம். "என்ன பொஸ்கோலோ, நாய்க்குட்டி கிடைச்சுதா?" என்று கேட்டான். நான் அங்கேயே நின்று அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, "பனாதாவா? இது ரொட்டிக் கஞ்சி இல்ல?" என்றான். "கஞ்சிதான். ஒரு எழுத்து விடாம எழுதிக்கோ, இல்லாட்டி வேற வீட்டுக்குப் போயிரும்" என்றேன். உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். வேறு பெயர் என்னிடம் இல்லை.

என்றைக்காவது ஒரு நாள் தொழிற்சாலை முத்திரையோடு உங்களுக்கு ஒரு காகிதம் வரும். தயங்காமல் பிரித்துப் பாருங்கள், அது உங்களுக்கு வந்ததுதான். படித்துவிட்டு அந்தச் சுவருக்குக் கொண்டுபோய் அவளுக்கும் ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஆகஸ்டில் இங்கே மூன்று வாரம் விடுமுறை. போன வருஷம் மூன்று வாரமும் அறையிலேயே இருந்தேன். இந்த வருஷம் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நகராட்சிக்குப் போய் விட்டுப்போன சொல்லைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். எடுக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. சேர்க்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள், நம் ஊரிலிருந்து ஒரு சான்றிதழும் வேண்டுமாம், அதற்கு நானே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அதுவரைக்கும் கடிதத்திலாவது போட்டுக்கொள்கிறேன்.

ஃபெலிச்சே பொஸ்கோலோ தோர்னா